ஜெட் விமானமும் சிவப்பு நூலும்: சீரியல் கில்லர் தொடர்கள் பற்றி வாசகர் கேள்விகள்

கொலை நடந்த அறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "வயது முப்பதுக்கு மேல், அம்மாவோடு வசிக்கிறான், பழைய வேன் வைத்திருக்கிறான்" என்று சொல்லும் ப்ரொஃபைலர் இப்போது ஓ.டி.டி.யில் எந்தத் தொடரைத் திறந்தாலும் வந்துவிடுகிறார். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அவரைப் பற்றித்தான். பதில்கள் இங்கே.

'கிரிமினல் மைண்ட்ஸ்' தொடரில் எங்காவது இரண்டு கொலை விழுந்தால் போதும், எஃப்.பி.ஐ. குழு தனி ஜெட்டில் பறந்துபோய் மூன்றே நாளில் ஆளைப் பிடித்துவிடுகிறது. நிஜத்திலும் இப்படித்தானா?
- வாசகர், ஈரோடு

முதலில் ஜெட்டை இறக்கிவிடுவோம். அந்தப் பிரிவுக்கென்று தனி விமானம் கிடையாது. மற்றபடி எஃப்.பி.ஐ.யின் நடத்தை அறிவியல் பிரிவு நிஜம். எஃப்.பி.ஐ. பயிற்சி மையம் உள்ள வர்ஜீனியா மாநிலம் குவாண்டிகோவில் 1972-ல் தொடங்கியது. ஹோவர்ட் டீட்டன், பேட்ரிக் முல்லனி என்ற இரண்டு ஏஜென்டுகள் போலீஸாருக்கு வகுப்பு எடுத்தார்கள். வகுப்புக்கு வந்தவர்கள் தங்கள் ஊரில் துப்புத் துலங்காமல் கிடந்த வழக்குகளைக் கொண்டுவந்து கேட்க, பாடம் மெல்ல ஆலோசனையாக மாறியது. இன்றும் அங்கே 'ப்ரொஃபைலர்' என்ற பெயரில் ஒரு பதவி இல்லை. எல்லாரும் ஏஜென்டுகள்தான்.

அமெரிக்காவில் கொலை வழக்கு பெரும்பாலும் உள்ளூர் போலீஸுடையது. அவர்கள் கேட்டால்தான் குவாண்டிகோ உதவும். கதவை உடைப்பது, துரத்துவது, விலங்கு மாட்டுவது எல்லாம் உள்ளூர்க்காரர் வேலை. குவாண்டிகோவுக்குப் போவது ஒரு ஃபைல் கட்டு: சம்பவ இடத்தின் புகைப்படங்கள், சுற்றுப்புறத்தின் வான்வழிப் படமும் வரைபடமும், பிரேதப் பரிசோதனை அறிக்கை, காயங்களின் படங்கள், கொலையானவரின் பழக்கவழக்கம், வேலை, நட்பு, கடைசியாக எங்கே யாரோடு காணப்பட்டார் என்ற விவரம். கொலையானவரைப் பற்றிய பகுதியைத்தான் தொடர்கள் அவசரமாகத் தாண்டிவிடுகின்றன. ஆனால் அதில்தான் சாரமே இருக்கிறது. இரவு பத்து மணிக்கு முன்பின் தெரியாதவருக்குக் கதவைத் திறக்காத பெண்மணி அன்று திறந்திருக்கிறார் என்றால், வந்தவன் எப்படிப்பட்டவன் என்பதில் பாதி தெரிந்துவிடுகிறது.

அந்தக் கட்டில் ஒன்று மட்டும் இருக்கக் கூடாது, சந்தேக நபர்களின் பட்டியல். பெயர் தெரிந்துவிட்டால், படிப்பவர் தன்னை அறியாமலே அந்த ஆளுக்குப் பொருந்துகிற மாதிரி சட்டை தைக்க ஆரம்பித்துவிடுவார். எஃப்.பி.ஐ. ஏஜென்டுகள் ஜான் டக்ளஸ், ராபர்ட் ரெஸ்லர் முதலானோர் 1986-ல் வெளியிட்ட வழிமுறையிலேயே இது எழுதப்பட்டிருக்கிறது. தொலைக்காட்சியிலோ மூன்று சந்தேக நபர்களின் படத்தைப் பலகையில் ஒட்டிவைத்துக்கொண்டுதான் ப்ரொஃபைலர் யோசிக்கவே தொடங்குகிறார்.

கடைசியில் கிடைப்பது ஓர் அறிக்கை. வயது வரம்பு, வேலை எந்த வகை, வசிப்பது எந்தப் பக்கம், பழைய வழக்கு இருக்குமா, கொலையானவரை முன்பே தெரிந்திருக்குமா என்று போகும். கூடவே பத்திரிகைகளுக்கு எதைச் சொல்லலாம், எதை மறைக்கலாம், ஆள் சிக்கினால் விசாரணையை எப்படி ஆரம்பிக்கலாம் என்பதும் இருக்கும். புதுத் தடயம் வந்தால் முழுவதையும் திருத்தி எழுத வேண்டும்.

'மைண்ட்ஹன்டர்' உண்மைக் கதையா? சிறையில் கொலைகாரர்களோடு பேசியே இந்தக் கலையைக் கண்டுபிடித்தார்களாமே?
- வாசகி, திருநெல்வேலி

அஸ்திவாரம் உண்மை, சுவரில் கற்பனை நிறைய. 2017-லும் 2019-லும் இரண்டு சீசன் வந்தது. ஹோல்டன் ஃபோர்டுக்கு ஜான் டக்ளஸும் பில் டென்ச்சுக்கு ராபர்ட் ரெஸ்லரும் மூலம். பேராசிரியை வென்டி காருக்கு மூலமான ஆன் பர்ஜெஸ் நிஜத்தில் மனநல செவிலியர், ஆய்வாளர். பாஸ்டனில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் பேசி ஆய்வு செய்தவர். ஏஜென்டுகள் மனம்போன போக்கில் எடுத்துக்கொண்டிருந்த பேட்டிகளுக்கு ஒரே மாதிரியான கேள்வித்தாள் தயாரித்து, ஒழுங்குக்குக் கொண்டுவந்தது அவர்தான். தொடர் அந்த உழைப்பைக் கொஞ்சம்தான் காட்டியது.

பேட்டி கண்டது 36 பேரை. எல்லாரும் பாலியல் நோக்கத்தோடு கொலை செய்தவர்கள், பேச ஒப்புக்கொண்டவர்கள், பெரும்பாலும் வெள்ளை அமெரிக்க ஆண்கள். மறுத்தவர்களும் பிடிபடாதவர்களும் கணக்கில் இல்லை. கொலை செய்யாத, ஆனால் அதே மாதிரி மோசமான பிள்ளைப்பருவம் கொண்டவர்களோடு ஒப்பிடவும் இல்லை. இந்த 36 பேரிலிருந்துதான் 'திட்டமிட்டுச் செய்பவன்', 'தாறுமாறாகச் செய்பவன்' என்ற புகழ்பெற்ற இரு பிரிவும் வந்தது. பிரிட்டன் உளவியலாளர் டேவிட் கான்டரும் அவர் குழுவும் 2004-ல் நூறு தொடர் கொலைகாரர்களின் குற்றங்களை எடுத்து இந்தப் பிரிவு நிற்கிறதா என்று சோதித்தார்கள். நிற்கவில்லை. திட்டமிடும் அம்சங்கள் கிட்டத்தட்ட எல்லாரிடமும் இருந்தன. தாறுமாறு அம்சங்கள் ஆளுக்கொன்றாகச் சிதறிக் கிடந்தன. இருபது வருஷத்துக்குப் பிறகும் வசனகர்த்தாக்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தொடரின் நட்சத்திரப் பேச்சாளியான கொலைகாரர் எட் கெம்பர் நிஜ ஆள், ஆறடி ஒன்பது அங்குல உயரம். அவர் பிடிபட்ட விதம் சுவையானது. 1973 ஏப்ரலில் கொலராடோவின் பியூப்லோ ஊரிலிருந்து தானே போலீஸுக்கு போன் போட்டு ஒப்புக்கொண்டார். முதலில் அவர்கள் நம்பவில்லை. மறுபடி கூப்பிட வேண்டியிருந்தது. ப்ரொஃபைலிங்கின் ஆசான் போல ஆகிவிட்ட கைதியைப் பிடித்ததில் ப்ரொஃபைலிங்குக்கு ஒரு பங்கும் இல்லை.

எம்.ஓ. என்கிறார்கள், சிக்னேச்சர் என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே?
- வாசகர், காரைக்குடி

இல்லை. எம்.ஓ. ('மோடஸ் ஆபரண்டி', செய்முறை) என்பது வேலையை முடித்துத் தப்பிக்கத் தேவையானது: எந்த நேரம், எந்த வழி, எந்தக் கருவி. அது மாறும். முதல் தடவை கைரேகை விட்டவன் அடுத்த தடவை கையுறை போடுவான். நாய் குரைத்து ஓடியவன் நாய் இல்லாத வீடாகப் பார்ப்பான். சிக்னேச்சர் என்பது குற்றத்துக்குத் தேவையே இல்லாதது, அவன் மனசுக்குத் தேவைப்பட்டது. உடலை ஒரு விதமாகக் கிடத்துவது, குறிப்பிட்ட ஒரு பொருளை எடுத்துப்போவது போன்றவை. அது சுலபத்தில் மாறாது என்பது கோட்பாடு.

நடைமுறையில் இரண்டு சிக்கல். ஒன்று, இடையில் யாராவது வந்துவிட்டால் சிக்னேச்சரைச் செய்ய நேரமிருக்காது. அந்த வழக்கு மற்றவற்றோடு சேராமல் நழுவிவிடும். இரண்டு, பத்திரிகையில் விவரம் வந்துவிட்டால் மனைவியைக் கொன்றவன்கூட அதைப் பார்த்து 'சீரியல் கில்லர்' மாதிரி ஜோடிக்கலாம். அதனால்தான் கொலையாளிக்கு மட்டுமே தெரிந்த ஒரு விவரத்தையாவது போலீஸ் வெளியே விடாமல் வைத்திருக்கும். பொய்யாக ஒப்புக்கொள்ள வருகிறவர்களை வடிகட்டவும் அதுதான் உதவும்.

வெவ்வேறு ஊர் வழக்குகளைச் சேர்த்துப் பார்ப்பதுதான் இந்தத் துறையின் ரொம்பப் பயனுள்ள வேலை என்பது எங்கள் கருத்து. லாஸ் ஏஞ்சலஸ் துப்பறிவாளர் பியர்ஸ் புரூக்ஸ் 1950-களின் இறுதியில் நூலகத்தில் உட்கார்ந்து பழைய செய்தித்தாள்களைப் புரட்டித்தான் ஒரே மாதிரிக் கொலைகளைத் தேடினார். அவர் வற்புறுத்தலில் 1985-ல் எஃப்.பி.ஐ. 'வைகேப்' என்ற தேசியப் பதிவேட்டைத் தொடங்கியது. ஒரு வழக்கைப் பதிய 189 கேள்விகள்! கட்டாயமும் இல்லை. வேலைப்பளுவில் இருந்த காவலர்கள் படிவத்தை நிரப்பவில்லை, பதிவேடு பசியோடு கிடந்தது. பிற்பாடு கேள்விகளைக் குறைத்தார்கள். தொடரில் ஒரு பெண் விசைப்பலகையைத் தட்டியதும் பொருந்தும் வழக்குகள் திரையில் கொட்டுகின்றனவே, யாரோ அந்த விவரங்களை உள்ளே போட்டிருந்தால்தான் அது நடக்கும்.

வரைபடத்தில் குண்டூசி குத்தி வட்டம் போட்டு, "இதற்குள்தான் இருக்கிறான்" என்கிறார்களே, சாத்தியமா?
- வாசகி, கோயம்புத்தூர்

தொடர்களில் வரும் வித்தைகளில் ஓரளவு கணக்கில் நிற்பது இதுதான். கான்டரும் லார்கினும் 1993-ல் வெளியிட்ட ஆய்வில், பிரிட்டனில் தொடர்ந்து பாலியல் குற்றம் செய்த 45 பேரை எடுத்தார்கள். ஒருவன் செய்த குற்றங்களில் ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் உள்ள இரண்டை எடுத்து, அந்தத் தூரத்தை விட்டமாக வைத்து வட்டம் போட்டார்கள். 39 பேரின் இருப்பிடம் வட்டத்துக்குள் விழுந்தது.

வான்கூவர் போலீஸில் இருந்த கிம் ராஸ்மோ இன்னும் நுணுக்கமாகப் போனார். வீட்டுக்கு மிக அருகில் செய்தால் அடையாளம் தெரிந்துவிடும் என்பதால் வீட்டைச் சுற்றி ஒரு வெற்றிடம். அதைத் தாண்டினால் தூரம் கூடக் கூடக் குற்றம் குறையும். இந்த இரண்டையும் சேர்த்து வரைபடத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் மதிப்பெண் போடும் முறையை 1995-ல் முனைவர் பட்ட ஆய்வாகத் தந்தார். அதில் விடையாக முகவரி வராது. எந்தத் தெருவில் முதலில் தேடலாம் என்ற வரிசைதான் வரும். குறைந்தது ஐந்து சம்பவ இடங்களாவது வேண்டும். தொடரில் இரண்டு குண்டூசியை வைத்துக்கொண்டு தெருப்பெயர் சொன்னால் சேனலை மாற்றிவிடலாம். கணக்கு கவிழ்வதும் உண்டு: வெளியூரிலிருந்து வந்து செய்துவிட்டுப் போகிறவன், நடுவில் வீடு மாறியவன், வீட்டிலிருந்து கிளம்பாமல் வேலையிடத்திலிருந்து கிளம்புகிறவன், இவர்களிடம் வட்டம் தோற்கும். வேறொருவன் செய்த ஒரே ஒரு குற்றம் பட்டியலில் கலந்துவிட்டாலும் மொத்தமும் கோணிவிடும்.

இதற்கெல்லாம் முன்பே ஒரு கணக்கு சரியாக விழுந்தது. 1975 முதல் 1980 வரை வட இங்கிலாந்தில் பீட்டர் சட்கிளிஃப் 13 பெண்களைக் கொன்றான். 1979-ல் 'நான்தான் அவன்' என்று ஓர் ஒலிநாடா வந்தது. பேச்சு வழக்கை ஆராய்ந்த நிபுணர்கள் சன்டர்லேண்ட் பக்கத்து ஆள் என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. நாடா அனுப்பியவன் அந்த ஊர்க்காரன்தான். ஆனால் அவன் கொலைகாரன் இல்லை, வேடிக்கை பார்த்த குடிகாரன். சன்டர்லேண்ட் பேச்சு இல்லை, கையெழுத்து பொருந்தவில்லை என்று சட்கிளிஃபைக் கழித்துவிட்டார்கள். அந்த வழக்கில் அவனைப் போலீஸ் ஒன்பது முறை விசாரித்து விட்டிருக்கிறது. விவரங்கள் எல்லாம் அட்டைகளில் இருந்தன. லீட்ஸ் காவல் நிலையத்தில் அட்டைகளின் பாரம் தாங்க தரையைப் பலப்படுத்த வேண்டிவந்தது. ஆனால் ஒரே பெயர் பல அட்டைகளில் இருந்ததை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

1980 டிசம்பரில் தடயவியல் அறிஞர் ஸ்டூவர்ட் கைண்ட் சம்பவ இடங்களின் மையத்தைக் கணக்கிட்டார். இரவு நேரமாக ஆக, அவன் வீட்டுக்குப் பக்கத்திலேயே செய்திருக்கிறான் என்பதையும் கவனித்தார். விடை பிராட்ஃபோர்டு பகுதி என்று வந்தது. சட்கிளிஃப் பிராட்ஃபோர்டில்தான் குடியிருந்தான். அதை வைத்துத் தேடத் தொடங்கும் முன்பே 1981 ஜனவரி 2-ல் ஷெஃபீல்டில் பொய்யான நம்பர் பிளேட்டுக்காக ரோந்துக் காவலர்கள் அவனைப் பிடித்துவிட்டார்கள். "அவசரம்" என்று அவன் காரிலிருந்து இறங்கி ஒதுங்கிய இடம் சார்ஜென்ட் ராபர்ட் ரிங்குக்கு மறுநாள் உறுத்தியது. திரும்பிப் போய்ப் பார்த்தார். சுத்தியலும் கத்தியும் கிடந்தன. நாடா அனுப்பியவன் உறை மீது இருந்த டி.என்.ஏ.வால் 2005-ல் சிக்கி, 2006-ல் எட்டு ஆண்டு சிறை பெற்றான்.

சீரியல் கில்லர்கள் எல்லாரும் மேதைகளா? புதிர் போட்டுப் போலீஸை அலையவிடுகிறார்களே?
- வாசகர், வேலூர்

எழுத்தாளர் மேதையாக இருக்க ஆசைப்படுகிறார், அவ்வளவுதான். அமெரிக்காவில் 49 கொலைகளுக்குத் தண்டனை பெற்ற கேரி ரிட்ஜ்வே லாரிகளுக்கு பெயின்ட் அடித்தவர். அறிவுத்திறன் சோதனையில் சராசரிக்குக் கீழே. 1987-லேயே எடுத்துவைத்திருந்த உமிழ்நீர் மாதிரி 2001-ல் டி.என்.ஏ. சோதனையில் பொருந்தி மாட்டினார். கடிதம் போட்டு ஆட்டம் காட்டியவர் என்றால் விச்சிட்டா நகரின் டென்னிஸ் ரேடர். 'ஃப்ளாப்பி டிஸ்க் அனுப்பினால் கண்டுபிடிக்க முடியுமா?' என்று அவர் போலீஸிடமே கேட்டார். 'ஒன்றும் ஆகாது' என்று அவர்கள் செய்தித்தாள் விளம்பரம் மூலம் பதில் சொன்னார்கள். நம்பி அனுப்பினார். அழித்த கோப்பில் அவர் பெயரின் முதல் பகுதியும் அவருடைய தேவாலயத்தின் பெயரும் இருந்தன. 2005 பிப்ரவரியில் கைது.

பிரிட்டனின் 'கிராக்கர்' தொடர் பார்த்தேன். உளவியலாளர் சொன்னதை வைத்தே கேஸை முடிக்கிறார்கள். கோர்ட்டில் அது செல்லுமா?
- வாசகர், தஞ்சாவூர்

செல்லாது. அதே தொடர் ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் பிரிட்டனே அதைக் கசப்பாகக் கற்றுக்கொண்டது. 1993 முதல் 1996 வரை, உளவியலாளராக நடித்த ராபி கோல்ட்ரேன் மான்செஸ்டரில் குடித்துக்கொண்டும் சூதாடிக்கொண்டும் கொலைகாரர்களைப் பேசியே மடக்கினார். தெற்கே லண்டனில் நிஜ வழக்கு ஒன்று நடந்தது.

1992 ஜூலையில் விம்பிள்டன் காமன் பூங்காவில் ஓர் இளம் தாய் தன் இரண்டு வயது மகன் கண்ணெதிரே கொல்லப்பட்டார். உளவியலாளர் பால் பிரிட்டன் கொலையாளியின் மன ஓட்டம் எப்படி இருக்கும் என்று வரைந்து கொடுத்தார். அந்த வரைவோடு கொலின் ஸ்டாக் என்ற உள்ளூர்வாசி பொருந்துவதாகப் போலீஸ் முடிவுகட்டியது. தடயம் எதுவும் இல்லை. அதனால் ஒரு பெண் போலீஸ் காதலி போல மாதக்கணக்கில் கடிதம் எழுதி, நேரில் சந்தித்து, வன்முறைக் கற்பனைகளைப் பேச வைத்தார். வரைவில் சொன்ன மாதிரி ஸ்டாக் பேசினால் அதுவே சாட்சி என்பது திட்டம். அவளைத் திருப்திப்படுத்த அவர் என்னென்னவோ எழுதினார். ஆனால் கொலையை ஒப்புக்கொள்ளவே இல்லை.

திட்டத்தின் ஓட்டை எங்கே என்று பாருங்கள். 'கொலையாளி இப்படி எழுதுவான்' என்பது அனுமானம். அப்படி எழுதத் தூண்டியது போலீஸ். தூண்டியபடி எழுதியதும் 'அனுமானம் நிரூபணமாகிவிட்டது' என்றார்கள். கொலை செய்யாத தனிமைவாசி ஒருவர் காதலுக்காக இதையே எழுதமாட்டாரா என்று யாரும் சோதிக்கவில்லை. 1994 செப்டம்பரில் நீதிபதி ஓக்னால் அந்தச் சாட்சியத்தைத் தள்ளிவிட, வழக்கு விழுந்தது. ஸ்டாக் அதற்குள் ஒரு வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டார்.

அவர் காவலில் இருந்த 1993 நவம்பரில் ராபர்ட் நேப்பர் என்பவன் தென்கிழக்கு லண்டனில் ஒரு பெண்ணையும் அவருடைய நான்கு வயது மகளையும் கொன்றான். விம்பிள்டன் கொலையையும் செய்தது அவன்தான் என்று பல வருஷம் கழித்து டி.என்.ஏ. காட்டியது, 2008 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஸ்டாக்குக்கு அதே ஆண்டு 7,06,000 பவுண்ட் இழப்பீடு கிடைத்தது. நேப்பர் ஒரு பாலியல் குற்றத்தைத் தன்னிடம் ஒப்புக்கொண்டதாக அவன் தாயே 1989-ல் போலீஸுக்குச் சொல்லியிருந்தார். அந்தத் தகவலை யாரும் முறையாகத் தொடரவில்லை.

இன்று பிரிட்டனில் 'ப்ரொஃபைலர்' என்ற பெயரையே கைவிட்டு, தேசியக் குற்ற முகமையின்கீழ் 'நடத்தை சார்ந்த விசாரணை ஆலோசகர்' என்று வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கூற்றுக்கும் எந்தத் தரவு ஆதாரம் என்று அவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

கொரியத் தொடர்களில் வரும் ப்ரொஃபைலர்கள் மட்டும் ஏன் இவ்வளவு சோகமாக இருக்கிறார்கள்? அவை உண்மைக்குப் பக்கமா?
- வாசகி, புதுச்சேரி

சோகத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை. உண்மைக்குப் பக்கம் என்றால், 2022-ல் எஸ்.பி.எஸ். ஒளிபரப்பிய 'த்ரூ தி டார்க்னஸ்' பரவாயில்லை. கொரியாவின் முதல் ப்ரொஃபைலர் என்று அறியப்படும் க்வான் இல்-யோங்கின் அனுபவங்களை ஒட்டியது. கூட வேலை செய்கிற போலீஸாரே அவரை மதிக்காத காட்சிகள்தான் அதன் பலம்.

ஆனால் ஆள் பிடிபடும் கட்டத்தை நிஜத்தோடு ஒப்பிடுங்கள். 20 கொலைகளுக்குத் தண்டனை பெற்ற யூ யங்-சல் 2004 ஜூலையில் சிக்கியது எப்படி? மசாஜ் நிலையம் நடத்தியவர் ஒருவர், காணாமல் போன தன் பணிப்பெண்களை அழைத்த தொலைபேசி எண் ஒன்றாகவே இருப்பதைக் கவனித்தார். அதே எண் மறுபடி கூப்பிட்டதும் ஆட்களோடும் ஒரு போலீஸ்காரரோடும் போய் மடக்கிவிட்டார். பிடித்த பிறகு வலிப்பு வந்தது போல நடித்து யூ ஒருமுறை தப்பியும் ஓடினான், திரும்பவும் பிடித்தார்கள்.

ப்ரொஃபைலர்கள் உண்மையில் கைகொடுத்தது ஹ்வாசாங் வழக்கில். 1986 முதல் 1991 வரை நடந்த பத்துக் கொலைகள். வேறொரு கொலைக்காக 1994-லிருந்து சிறையில் இருந்த லீ சுன்-ஜேயின் டி.என்.ஏ. 2019-ல் பொருந்தியது. வழக்குத் தொடரும் காலக்கெடு 2006-லேயே முடிந்துவிட்டதால் அவன் வாய் திறக்க எந்தக் கட்டாயமும் இல்லை. ப்ரொஃபைலர்கள் குழு சிறைக்குப் போய்த் திரும்பத் திரும்பப் பேசியதில் 14 கொலைகளை ஒப்புக்கொண்டான். அதில் ஒன்றுக்காக வேறொருவர் ஏற்கெனவே சுமார் இருபது வருஷம் சிறையில் கிடந்துவிட்டார். 2020 டிசம்பரில்தான் அவர் நிரபராதி என்று தீர்ப்பு வந்தது. லீயை அந்தக் காலத்திலேயே விசாரித்திருந்தார்கள். கொலையாளியின் ரத்த வகை பி என்று நம்பியதால், ஓ வகைக்காரனான அவனை விட்டுவிட்டார்கள்.

சரி, மொத்தத்தில் இது வேலை செய்கிறதா, இல்லையா?
- வாசகர், சேலம்

1995-ல் பிரிட்டனில் கேரி காப்சன் 184 வழக்குகளின் விசாரணை அதிகாரிகளைக் கேட்டார். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் 'பயனாக இருந்தது' என்றார்கள். ஆளை அடையாளம் காட்டியதா என்று கேட்டதற்கு 'ஆம்' என்றவர்கள் 2.7 சதவீதம்.

இந்த இடைவெளிக்குக் காரணத்தை லாரன்ஸ் அலிசன் குழுவினர் 2003-ல் காட்டினார்கள். நிஜமான ஒரு ப்ரொஃபைலைக் கொடுத்து, ஒரு குழுவிடம் உண்மையான குற்றவாளியின் விவரத்தையும் இன்னொரு குழுவிடம் இட்டுக்கட்டிய, நேர்மாறான ஓர் ஆளின் விவரத்தையும் தந்து பொருந்துகிறதா என்று கேட்டார்கள். இரு குழுவிலும் பெரும்பாலோர் 'பொருந்துகிறது' என்றார்கள். "நெருங்கிய உறவுகளில் சிரமப்படுவான்" என்ற வரி யாருக்குத்தான் பொருந்தாது? அதே அலிசன் 21 ப்ரொஃபைல்களில் இருந்த சுமார் 4,000 கூற்றுகளைப் பிரித்துப் பார்த்தபோது 80 சதவீதத்துக்கு எந்த ஆதாரமும் கொடுக்கப்படவில்லை.

அதற்காக மொத்தமும் பொய் என்றும் சொல்லமாட்டோம். லண்டனில் ரயில் நிலையங்களை ஒட்டிப் பெண்கள் தாக்கப்பட்ட, கொல்லப்பட்ட வழக்கில் 1986-ல் கான்டர் கொடுத்த குறிப்புகள், ஏறக்குறைய 2,000 பேர் கொண்ட பட்டியலில் 1,505-ஆவது இடத்தில் கிடந்த ஜான் டஃபியை மேலே கொண்டுவர உதவின. டஃபி ஏற்கெனவே பட்டியலில் இருந்தவன் என்பதைக் கவனியுங்கள். பட்டியலில் இல்லாதவனை ப்ரொஃபைல் கொண்டுவராது, இருப்பவர்களில் யாரை முதலில் பார்க்கலாம் என்று சொல்லும்.

எல்லா ப்ரொஃபைலிலும் 'வெள்ளை ஆண், தனி ஆள்' என்றே வருகிறதே?
- வாசகர், நாகர்கோவில்

அந்த வழக்கமே 2002 அக்டோபரில் வாஷிங்டன் பகுதியில் பத்துப் பேரைப் பலிகொண்ட துப்பாக்கிச்சூட்டில் சறுக்கிவிட்டது. தொலைக்காட்சி நிபுணர்கள் பலர் தனியாகச் செயல்படும் வெள்ளைக்காரன் என்றார்கள். சாட்சிகள் வெள்ளை வேன் என்றார்கள். பிடிபட்டது இரண்டு கறுப்பினத்தவர், அதில் ஒருவன் பதினேழு வயது. வந்த கார் நீல நிற செவ்ரோலே. அந்த நாட்களில் அந்தக் காரின் எண்ணைப் போலீஸே பலமுறை சோதித்து அனுப்பியிருந்தது.

தமிழில் ஒரு வெப் சீரிஸ் எழுதுகிறேன். சென்னையில் நடக்கும் கதை, நாயகி உளவியல் படித்த ப்ரொஃபைலர். எதில் கவனமாக இருக்க வேண்டும்?
- வாசகி, சென்னை

நாயகியை இன்ஸ்பெக்டருக்கு மேலே உட்கார வைக்காதீர்கள். இங்கே கொலை வழக்கின் விசாரணை அதிகாரி பொதுவாக இன்ஸ்பெக்டர். முதல் தகவல் அறிக்கை, பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 194-வது பிரிவின்படி பிரேத விசாரணை, பார்வை மகஜர் (சம்பவ இடத்தில் கண்டதைச் சாட்சிகள் முன் எழுதும் குறிப்பு), மாதிரி வரைபடம் எல்லாம் அவர் கையெழுத்தில் வரும். ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. மாநிலங்கள் ஐந்து ஆண்டுக்குள் அதைக் கொண்டுவர வேண்டும். மாதிரிகள் மயிலாப்பூரில் உள்ள தடய அறிவியல் துறைக்குப் போகும். உங்கள் நாயகி ஆலோசனை சொல்ல வந்தவர். அவருக்கு இந்த மகஜரும் வரைபடமும்தான் மூலப்பொருள். அவற்றில் பிழை இருந்தால் அவர் கணிப்பும் பிழையாகும். நல்ல மோதல் காட்சி ஒன்று அங்கேயே இருக்கிறது: கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்ததா இல்லையா என்பதை மகஜரில் எழுத மறந்திருக்கிறார்கள்.

சிவப்பு நூல் கட்டிய பலகையை விட்டுவிடுங்கள். மேசை மேல் செல்போன் அழைப்பு விவரப் பட்டியலின் கத்தைகளையும், டவர் வாரியாக மஞ்சள் மார்க்கர் அடித்த தாள்களையும், பக்கத்துக் கடைகளின் சி.சி.டி.வி. பதிவு எடுத்த பென் டிரைவ்களையும் வையுங்கள். சி.சி.டி.வி. கடிகாரங்கள் அநேகமாகத் தப்பு நேரம் காட்டும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிஷ வித்தியாசம் என்று முதலில் குறித்துக்கொள்ளாவிட்டால் கொலையாளி ஒரே நேரத்தில் இரண்டு தெருவில் நடப்பான்.

உண்மை அறியும் மருந்து ஊசி போடும் காட்சி வேண்டாம். சம்மதமில்லாமல் அதைச் செய்யக் கூடாது என்று 2010-ல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

முக்கியமானது கிளைமாக்ஸ். ஸ்டேஷனில் நாயகி பேசிப் பேசி அவனை உடைத்து, அவன் அழுதுகொண்டே ஒப்புக்கொள்வதாக வைத்திருப்பீர்கள். போலீஸிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. புதிய சாட்சியச் சட்டத்தின் 23-வது பிரிவு, பழைய சட்டத்தில் 25. மாஜிஸ்திரேட் முன்னால், பி.என்.எஸ்.எஸ். 183-ன்படி தந்தால்தான் மதிப்பு. ஆனால் அவன் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளுக்கு வழிகாட்டிய அளவு மட்டும் செல்லும். எனவே நாயகி அவனிடமிருந்து கறக்க வேண்டியது 'ஏன் செய்தாய்' என்பதை இல்லை, 'கத்தி எங்கே' என்பதை. பிறகு ஜீப் கிளம்ப வேண்டும், அவன் காட்டிய கிணற்றிலிருந்து கத்தி வர வேண்டும், கைப்பற்றும் மகஜர் எழுத வேண்டும். சாட்சிக் கையெழுத்துப் போட வி.ஏ.ஓ.வும் அவருடைய உதவியாளரும் அந்த ஃப்ரேமில் நிற்கட்டும்.